ஆணை வந்துவிட்டது, மாத்திரை வரவில்லை: அரசோடு கைகோக்கும் தொண்டு அமைப்புகள் சறுக்கும் இடங்கள்

செயலாளரைப் பார்த்தாச்சு, மனு கொடுத்தாச்சு, சால்வை போட்டு போட்டோவும் எடுத்தாச்சு. பாதி அமைப்புகள் இங்கேயே வேலை முடிந்ததாக நினைத்துவிடுகின்றன. மீதிப் பாதி அரசாணை வந்ததும் நினைக்கும். இரண்டும் தவறுதான்.

மார்ஃபின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் முற்றியவர்களின் வலியை அடக்கும் மலிவான மாத்திரை. 1985-இல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு அதை வாங்கி வைக்க வெவ்வேறு துறைகளில் தனித்தனி உரிமம் எடுக்க வேண்டியிருந்தது, கடைசி உரிமம் கைக்கு வருவதற்குள் முதலில் வாங்கியது காலாவதியாகிவிடும், எதற்கு வம்பு என்று பல மருத்துவமனைகள் அந்த மாத்திரையையே விட்டுவிட்டன. வலி நிவாரண அமைப்புகள் விடாமல் கேட்டதில் 1998-இல் விதிகளை எளிமையாக்கச் சொல்லி மாநிலங்களுக்கு மத்திய அரசு எழுதியது. பல மாநிலங்கள் அசையவே இல்லை. விதியை மாற்றிய சில இடங்களிலும் நடைமுறை எதுவும் வகுக்காததால் மருந்து வந்து சேரவில்லை. 2014-இல் சட்டத்தையே திருத்தித்தான், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும் என்ற நிலை வந்தது. கடிதத்துக்கும் திருத்தத்துக்கும் நடுவே 16 வருடம்! ஆணை கைக்கு வந்த அன்றே கேளுங்கள்: எந்தப் படிவம், எந்த மேசை, யார் கையெழுத்து?

அப்புறம், ஒரு நல்ல அதிகாரியை மட்டும் நம்பி இறங்குவது. நாங்கள் பட்டிருக்கிறோம். எல்லாம் போனிலேயே பேசி முடித்திருந்தோம், அவருக்கு மாறுதல் வந்தது, புதிதாக வந்தவர் "ஃபைல் எங்கே?" என்றார். ஃபைலே கிடையாது. அவர் கேட்டதில் தப்பும் இல்லை.

எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்ற ஆசை இதைவிட மோசம். கேரளத்தில் அப்படிச் செய்யவில்லை. அங்கே 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சின்ன கிளினிக்காகத் தொடங்கியது வலி நிவாரண வேலை. படுத்த படுக்கையாக இருப்பவர் கிளினிக்குக்கு எப்படி வருவார்? அதனால் ஊர் ஊராகத் தன்னார்வலர்களைப் பழக்கினார்கள், ஊர்க்காரர்களிடமே சில்லறையாகப் பணம் திரட்டினார்கள், பஞ்சாயத்துகளையும் உள்ளே இழுத்தார்கள். 2008-இல் மாநிலமே இதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது, இந்தியாவில் முதல்முறையாக. வீட்டுக்கு வரும் நர்ஸ் உள்ளாட்சியின் பொறுப்பானார். அதற்காகத் தன்னார்வலர்கள் கடையைக் கட்டவில்லை. நோயாளி வீட்டுக்கு அரிசி, பிள்ளைகளின் படிப்புச் செலவு, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆள் என்று சர்க்கார் செய்ய முடியாததைப் பார்த்துக்கொண்டார்கள்.

யாருக்கு எந்த வேலை என்ற இந்தப் பிரிவினையைப் பேசி வைக்காவிட்டால் என்ன ஆகும்? நான் போன ஒரு வீட்டில் தலையணைக்கு அடியில் இரண்டு நோட்டு இருந்தது. ஒன்று அரசு நர்ஸ் எழுதியது, இன்னொன்று ஒரு அமைப்பு எழுதியது. ஒரே வாரத்தில் இரண்டிலும் பிரஷர் பதிவாகியிருந்தது. பெரியவரின் இடுப்புப் படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்றியதாக எதிலும் இல்லை. அவர்கள் பார்ப்பார்கள் என்று இவர்கள், இவர்கள் பார்ப்பார்கள் என்று அவர்கள்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. அரசு நிதி வாங்குவதில் தப்பில்லை, முழுச் செலவும் அதிலிருந்தே வந்தால்தான் சிக்கல், மருந்து ஸ்டாக் இல்லை என்று கூட்டத்தில் எழுந்து சொல்ல வாய் வராது. உங்கள் அமைப்பு நர்ஸின் சம்பளத்தையாவது வெளியிலிருந்து திரட்டி வையுங்கள்.