புதுவையின் பழைய தெருக்களை நடந்தே பார்ப்பது எப்படி?

புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியை வாகனத்தில் சுற்றுவதால் பயனில்லை. வெயில் ஏறுமுன் கடற்கரைச் சாலையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். காந்தி சிலைக்கு எதிரே, 1836இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தைக் கண்டபின், தெற்கே தூமா வீதி வழியாகச் சென்றால் 1855இல் கட்டப்பட்ட, கப்ஸ் கோயில் எனப்படும் கிறித்தவத் தேவாலயத்தை அடையலாம். 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கியதால், இன்று காணும் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிற்பட்டவையே.

பாரதி பூங்காவின் ஆயி மண்டபத்தைப் பார்த்துவிட்டு, மணக்குள விநாயகரை நண்பகலில் நடை சாத்துமுன் வணங்கிவிடுங்கள்.

பலர் இத்துடன் திரும்பிவிடுவது பெருங்குறை. பெரிய வாய்க்காலைக் கடந்து மேற்கே வைசியாள் வீதிக்குச் சென்றால்தான் நகரின் மறுபாதி விளங்கும்: பிரெஞ்சு வீடுகள் உயர்ந்த மதிலுக்கும் பெரிய வாயிற்கதவுக்கும் பின்னே முற்றத்தை மறைத்து வைத்திருக்க, தமிழர் வீடுகளோ வழிப்போக்கர் அமரத் திண்ணையும் நிழலுக்குத் தாழ்வாரமுமாகத் தெருவை நோக்கியே திறந்திருக்கின்றன. சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்திருப்பதை நிமிர்ந்து பார்த்தால்தான் கவனிக்க முடியும். தெருக்கள் ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்வதால் வழி தவறும் அச்சம் வேண்டாம். அருங்காட்சியகத்தையும் காண விரும்புவோர் திங்கட்கிழமையைத் தவிர்க்கவும். அன்று அதற்கு விடுமுறை.