ஸ்லிதர்லிங்க் தீர்க்கும் புரோகிராம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்குப் பைதன் சொல்லிக்கொடுக்கிறேன். கை கொஞ்சம் பழகியதும் ஸ்லிதர்லிங்க் புதிரைத் தீர்க்கும் புரோகிராம் எழுதச் சொல்வேன். ஜப்பானின் நிகோலி நிறுவனம் 1989இல் வெளியிட்ட புதிர் அது. புள்ளிகளை இணைத்து, வெட்டாமல், கிளை பிரியாமல், மூடிய கோடு ஒன்றே ஒன்று வரைய வேண்டும். கட்டத்துக்குள் உள்ள எண், அதைச் சுற்றி எத்தனை பக்கத்தில் கோடு போகிறது என்று சொல்லும். அடைப்புக்குறி விடுபடுவது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

கட்டத்தை எண்ணிப் புள்ளியை மறப்பது

10×10 கட்டத்துக்கு 11×11 புள்ளிகள், 220 பக்கங்கள்.

எண் பொருந்தினால் விடை வந்துவிட்டது என்று நம்புவது

ஒவ்வொரு வருடமும் என் பொறுமையைச் சோதிப்பது இதுதான். எண் பொருந்த வேண்டும், ஒவ்வொரு புள்ளியிலும் கோடு இரண்டு அல்லது பூச்சியம். கொடுத்த நிபந்தனைகளுக்குப் பொருந்தும் விடையைத் தானே தேடித் தரும் மென்பொருள்தான் ஸாட் சால்வர். இந்த இரண்டு நிபந்தனைகளையும் அதற்குக் கொடுத்தால் நொடியில் ஒரு படம் வரும். அதில் பல வளையங்கள் தனித்தனியாகக் கிடக்கலாம். மூலையில் ஒரு வெற்றுக் கட்டம், பக்கத்திலும் கீழேயும் 1 என்று வையுங்கள். அந்த மூலைக் கட்டத்தை மட்டும் சுற்றும் நான்கு கோடுகள் இரண்டு 1களையும் திருப்திப்படுத்திவிடும். மிச்ச எண்களை வேறொரு வளையம் பார்த்துக்கொள்ளும்.

"சேர், எல்லா நம்பரும் சரி, ஆனா ரெண்டு வட்டம் வருது" என்றான் ஒரு தம்பி. அதற்கு அவன் செய்த வைத்தியம்தான் பெரிய தவறு: வந்த படத்தை முழுசாகத் தடைசெய்துவிட்டு, அடுத்த படம் கேட்டான். அடுத்ததிலும் அதே மூலைச் சதுரம், தூரத்தில் ஒரு கோடு மட்டும் இடம் மாறியிருந்தது. இரவு முழுக்க ஓடவிட்டான். விடியும் நேரம் கரண்ட் போய், எல்லாம் நின்றது.

தடுக்க வேண்டியது படத்தை அல்ல, வளையத்தை. "இந்த நான்கு கோடுகளும் ஒன்றாக வரக்கூடாது" என்று ஒரு வரி போதும். அந்தச் சதுரம் உள்ள அத்தனை படங்களும் ஒரேயடியாக ஒழியும். ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள்: அந்த வளையம் தனியாகவே எல்லா எண்களையும் நிறைவு செய்கிறதா? செய்தால் அதுதான் விடை. தடுத்துவிடாதீர்கள்.

வளையம் மூடவே விடாதது

ஸாட் வேண்டாம், பின்வாங்கித் தேடும் முறையில் (கோடு கோடாகப் போட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் அழித்துவிட்டுத் திரும்புவது) எழுதுகிறேன் என்பவர்கள் இதில் விழுகிறார்கள். ஒரே கோட்டின் இரு முனைகளும் சேரும்போது தடுக்க வேண்டும், சரி. ஆனால் எல்லா எண்களும் நிறைந்து, வேறு துண்டுக் கோடு எதுவும் மிஞ்சாத நேரத்தில் மூட விட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் புதிருக்கும் "விடை இல்லை" என்றே வரும். அப்புறம், ஒவ்வொரு முனையிலும் அதன் மறுமுனை எது என்று குறித்துவைத்தால் சோதனை ஒரே ஒப்பீட்டில் முடியும். பின்வாங்கும்போது அந்தக் குறிப்பையும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.

முதல் விடையோடு நிறுத்துவது

ஒழுங்கான புதிருக்கு விடை ஒன்றுதான். கிடைத்ததைத் தடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இன்னொன்று வந்தால், எங்கோ ஓர் எண்ணைத் தவறாகத் தட்டியிருப்பீர்கள், அல்லது ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கும்.