வார்ட் உதவியாளராக இருந்து அசிஸ்டன்ட் பிராக்டிஷனர் ஆவது எப்படி: நான் போன வழி

இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் ஹெல்த்கெயார் அசிஸ்டன்டாக வேலை செய்யும் எங்கட ஆட்கள் பலர் பத்து, பதினைந்து வருடம் அதே இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். வேலை தெரியாமல் இல்லை, வழி சொல்ல ஆள் இல்லை. அதற்கு அடுத்த படியான அசிஸ்டன்ட் பிராக்டிஷனர் பயிற்சியை நான் முடித்துவிட்டேன். எனக்கு முதலே யாராவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

என்எச்எஸ்ஸில் (அரச சுகாதார சேவையில்) சம்பளப் படிநிலையை பேண்ட் என்பார்கள். ஹெல்த்கெயார் அசிஸ்டன்டுக்கு பேண்ட் 2 அல்லது 3. அசிஸ்டன்ட் பிராக்டிஷனருக்கு பேண்ட் 4. புதிதாகச் சேரும் நேர்ஸுக்கு பேண்ட் 5. அதே பேண்ட் 4இல் நேர்சிங் அசோசியேட் என்றொரு வேலையும் உண்டு. அவர்கள் 2019 ஜனவரியில் இருந்து என்எம்சியில் (நேர்ஸ்மாரைப் பதிவு செய்யும் சபையில்) பதிவு செய்யப்படுகிறார்கள். அசிஸ்டன்ட் பிராக்டிஷனருக்கு அப்படிப் பதிவு கிடையாது. பதிவுபெற்ற ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை. கடைசியில் நேர்ஸ் ஆவதுதான் ஆசை என்றால் நேர்சிங் அசோசியேட் பக்கம் போங்கள். பிசியோதெரபி, எக்ஸ்ரே, ஒக்குபேஷனல் தெரபி போன்ற பிரிவுகளில் நிற்க விருப்பம் என்றால் அசிஸ்டன்ட் பிராக்டிஷனர்தான் உங்கள் வழி.

படி 1: மனேஜரிடம் கேளுங்கள்

இது லெவல் 5 (டிகிரிக்கு ஒரு படி கீழே) அப்ரென்டிஸ்ஷிப். வேலையில் இருந்துகொண்டே, சம்பளம் வாங்கிக்கொண்டே படிப்பது. கட்டணம் உங்கள் கையில் இருந்து போகாது. 2017 ஏப்ரலில் இருந்து பெரிய நிறுவனங்கள் அப்ரென்டிஸ்ஷிப் லெவி என்ற வரியைக் கட்டுகின்றன, அந்தப் பணத்தில் இருந்துதான் போகும். அதனால் வேலை தருபவர் ஒத்துக்கொள்ளாமல் நீங்கள் தனியாகச் சேர முடியாது. பொதுவாக நீங்கள் இந்த நாட்டில் மூன்று வருடம் வசித்திருக்கவும் வேண்டும். இரண்டையும் உறுதி செய்துகொண்டு மற்றதைப் பாருங்கள்.

படி 2: ஆங்கிலம், கணிதம்

ஊரில் எடுத்த சாதாரண தர, பிளஸ் டூ சான்றிதழ்களை யூகே ஈநிக்கில் (வெளிநாட்டுச் சான்றிதழ்களை இங்குள்ளவற்றோடு ஒப்பிடும் அமைப்பு) கொடுத்து ஒப்பீட்டுக் கடிதம் எடுங்கள். அது போதாது என்றால் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 என்ற ஆங்கில, கணிதத் தேர்வுகளை எழுதுங்கள். 2025 பெப்ரவரியில் விதி மாறியது: 19 வயதுக்கு மேல் சேருபவர்களுக்கு இது வேண்டுமா என்பதை வேலை தருபவரே தீர்மானிக்கலாம். வேண்டாம் என்று சொன்னாலும் கணிதத்தைச் செய்யுங்கள் என்பதுதான் என் கருத்து. எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது என்று மில்லிலீட்டரில் கூட்டும்போது கை தடுமாறக் கூடாது.

படி 3: போர்ட்ஃபோலியோ

போர்ட்ஃபோலியோ என்றால் நீங்கள் செய்த வேலைக்கான சான்றுகளையும் அனுபவக் குறிப்புகளையும் சேர்த்து வைக்கும் கோப்பு. எனக்கு மூச்சு முட்டியது இங்கேதான்.

ஒரு மாலை ஷிஃப்ட். இடுப்பு எலும்பு ஒப்பரேஷன் முடிந்த ஒரு ஐயா. மெஷின் காட்டியது: ஒக்சிஜன் 95, நாடித்துடிப்பு 96, பிரஷரும் காய்ச்சலும் சரி. மூச்சை மெஷின் எண்ணாது, நாங்கள்தான் எண்ண வேண்டும். நெஞ்சைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 26. நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுப் பார்க்கும் நியூஸ்2 அட்டவணையில் மூச்சுக்கு 3, ஒக்சிஜனுக்கு 1, நாடிக்கு 1. மொத்தம் 5. ஐந்து வந்தால் உடனே சொல்லியாக வேண்டும். நேர்ஸிடம் சொன்னேன், டொக்டர் வந்தார். மூச்சை எண்ணாமல் வழமைபோல 18 என்று போட்டிருந்தால் மொத்தம் 2தான் வந்திருக்கும், யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதை அனுபவக் குறிப்பாக எழுதும்போது, "நோயாளியின் நிலை மாறியதைக் கவனித்தோம், அறிவித்தோம்" என்று நாலு வரியில் முடித்தேன். ஆசிரியர் திருப்பி அனுப்பினார்: "இதில் நீங்கள் எங்கே?"

"நான், நான்" என்று சொன்னால் தலைக்கனம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அதனால் எழுதும்போதும் "நாங்கள்" என்றே வருகிறது. ஆனால் அவர்கள் மதிப்பிடுவது வார்ட்டை அல்ல, உங்களை. திரும்ப எழுதினேன்: நான் ஏன் முழு நிமிடம் எண்ணினேன் (அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் ஒழுங்கில்லாத மூச்சில் பிழை வரும்), எஸ்பார் முறையில் (நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று வரிசையாகச் சொல்வது) எதை முதலில் சொன்னேன், நான் எதைச் செய்யவில்லை. ஒக்சிஜனை நானாகவே கொடுக்கத் தொடங்கவில்லை, அது என் எல்லைக்கு வெளியே. இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எல்லை தெரிந்தவர் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

அனுபவக் குறிப்பு எழுதுவதற்கு கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988இல் தந்த ஆறு கட்டச் சுழற்சியைப் பின்பற்றினேன். நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, ஏன் அப்படி, என்ன கற்றேன், அடுத்த முறை என்ன செய்வேன். "ஏன் அப்படி" என்ற கட்டத்துக்குப் பாதிப் பக்கம் ஒதுக்குங்கள், மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. நோயாளியின் பெயர், கட்டில் இலக்கம், வார்ட், திகதி எதுவும் வரக் கூடாது.

கருவிகள் என்று பார்த்தால், சட்டையில் குத்தும், விநாடி முள் உள்ள மணிக்கூடு ஒன்று வாங்குங்கள். வீடு வந்த அன்றிரவே ஒரு கொப்பியில் பத்து வரி எழுதுங்கள், ஃபோனில் வேண்டாம். எழுதி முடித்த கட்டுரையை வேர்டில் சத்தமாக வாசிக்க விட்டுக் கேளுங்கள். கண்ணுக்குத் தப்பிய இலக்கணப் பிழைகளை எனக்குக் காது பிடித்துத் தந்தது. மேற்கோள் பட்டியலைத் தானாகச் செய்து தரும் தளங்களை நான் நம்புவதில்லை. ஹார்வர்ட் என்ற மேற்கோள் முறையைக் கையால் எழுதிப் பழகினால் இரண்டு வாரத்தில் வந்துவிடும்.

படி 4: இறுதி மதிப்பீடு

உங்கள் ஆசிரியர் அல்லாத வேறொருவர் வந்து நீங்கள் வேலை செய்வதைப் பார்ப்பார். பிறகு போர்ட்ஃபோலியோவை வைத்துப் பேச்சு. அங்கேயும் "நான்" என்றே பேசுங்கள். போர்ட்ஃபோலியோ உங்கள் சொந்த எழுத்தாக இருந்தால் இதற்கென்று தனியாகப் படிக்கத் தேவையில்லை.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்த ஒரு தங்கச்சி கேட்டார், "அக்கா, வார்ட்டில் ஆள் இல்லை என்று என் படிப்பு நாளை மூன்று முறை ரத்து செய்துவிட்டார்கள், லீவு நாளில் படிக்கச் சொல்கிறார்கள், சரியா?" சரியில்லை. அப்ரென்டிஸ்ஷிப் பயிற்சி உங்கள் சம்பள வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும் என்பது விதி. ஆங்கிலம், கணித வகுப்பு நேரத்தையும் அதில் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. ரத்தான ஒவ்வொரு நாளையும் திகதியோடு குறித்து, பயிற்சி நிறுவனத்துக்கும் மனேஜருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, எப்போது ஈடுசெய்வீர்கள் என்று கேளுங்கள். அந்தத் தங்கச்சி அப்படி அனுப்பிய அடுத்த மாதத்தில் இருந்து அவருடைய வியாழக்கிழமை ரோட்டாவில் (வேலை அட்டவணையில்) படிப்பு நாள் என்று குறிக்கப்பட்டு வருகிறது.