கேரவன் கழிவுத் தொட்டி வால்வு ஒழுகினால் கழற்றும் முன் என்ன, கழற்றினால் என்ன

குழாய் முனை மூடியைத் திருகியதும் கழிவு நீர் காலில் கொட்டுகிறதா? பழுது மூடியில் இல்லை. அதற்கு உள்ளே, தொட்டியின் வாயில் இருக்கும் கேட் வால்வு முழுதாக மூடவில்லை. ஷூட்டிங் கேரவன், கொடைக்கானல் மூணாறு என்று குடும்பத்தோடு கிளம்பும் கேம்பர் வேன், எதுவானாலும் இதே சங்கதிதான். மூடியை இன்னும் இறுக்கிவிட்டு ஓட்டுவதைப் பலரும் செய்கிறார்கள். மூன்று இஞ்ச் குழாயில் வால்வுக்கும் மூடிக்கும் நடுவில் இரண்டடி இருந்தால், அங்கே இரண்டரை லிட்டருக்கு மேல் தேங்கி நிற்கும். அடுத்த முறை திறப்பவர் மேல் அது மொத்தமும் விழும்.

வால்வின் அமைப்பு எளிமையானது. கண்மாய் மடையில் பலகை இறங்குகிற மாதிரி ஒரு மெல்லிய பிளேடு குழாயின் குறுக்கே இறங்கும். அதன் இருபக்கமும் ஒவ்வொரு ரப்பர் சீல், அவற்றுக்கு வெளியே ஒவ்வொரு பிளாஸ்டிக் ஃபிளாஞ்ச் (குழாய் முனையில் இருக்கும் விளிம்புத் தட்டு). எல்லாவற்றையும் நாலு போல்ட்டு சேர்த்துப் பிடிக்கிறது. பிளேடு இறங்கும் பள்ளத்தில் கசடு உட்கார்ந்தால் ஒரு மயிரிழை இடைவெளி விழும், அது போதும். மதுரைப் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். வெயிலில் தொட்டி காய்ந்ததும் காகிதமும் உப்பும் சேர்ந்து அந்தப் பள்ளத்தில் சுண்ணாம்பு போல இறுகிவிடும். ஒழுகும் வால்வு என்று வருவதில் நிறைய, வெறும் அழுக்கு வால்வுதான். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கீழே உள்ள முதல் மூன்று படிகளையும் முடித்துவிடுங்கள்.

படி 1: எந்த வால்வு என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான வண்டிகளில் இரண்டு தொட்டி இருக்கும்: கழிப்பறைக்கு ஒன்று, சிங்க், குளியல் தண்ணீருக்கு ஒன்று. முதலாவதன் வால்வு 3 இஞ்ச், இரண்டாவதன் வால்வு பெரும்பாலும் 1½ இஞ்ச். இரண்டும் ஒரே வெளிக்குழாயில் சேருவதால் மூடியில் வடிவதை வைத்து எது என்று சொல்ல முடியாது. சிங்க்கில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைப் பத்துப் பதினைந்து சொட்டு விடுங்கள். மூடியைக் கழற்றி அடியில் ஒரு வெள்ளைக் கிண்ணம் வையுங்கள். நீலமாக வடிந்தால் சிங்க் பக்கத்து வால்வு. நீலமே இல்லாமல் வடிந்தால் கழிப்பறைப் பக்கம்.

அதே நேரத்தில் ஈரம் எங்கிருந்து தொடங்குகிறது என்றும் பாருங்கள். குழாய்க்குள் வடிந்தால் பிளேடும் சீலும். வால்வின் வெளியே, ஃபிளாஞ்ச் ஓரத்தில் வடிந்தால் போல்ட்டு தளர்ந்திருக்கும் அல்லது சீல் மடங்கியிருக்கும். கைப்பிடித் தண்டு வெளியே வரும் இடத்தில் என்றால் தண்டின் சீல் தேய்ந்துவிட்டது. வெளிப்புறம் எம்-சீல் அப்புவது இதில் எதற்கும் தீர்வல்ல. உள்ளே வடியும் தண்ணீருக்கு வெளியே பூச்சு பூசி என்ன பயன்?

படி 2: முறையாகக் காலி செய்யுங்கள்

வைகையிலும் கண்மாயிலும் ரோட்டோர வாய்க்காலிலும் திறந்துவிடக் கூடாது. மதுரை மாநகராட்சிக்கு அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. நேரே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தாமல் முதலில் அனுமதி கேளுங்கள். இல்லையென்றால் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை வரவழைத்து உறிஞ்சச் சொல்லலாம். 14420 என்ற எண் கழிவுநீர், செப்டிக் டேங்க் சேவைக்கானது.

வால்வு இருக்கும் பக்கம் தாழ்வாக நிற்கும்படி எதிர்ப்பக்கச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றி நிறுத்தினால் அடிமண்டி வரை வடியும். கையுறை, கண்ணாடி, மாஸ்க் மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் இருக்கலாம். திறந்த இடத்தில் வேலை பாருங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம், வாய்க்குள் முகத்தை நீட்டிப் பார்க்க வேண்டாம்.

படி 3: கழுவிப் பாருங்கள்

வால்வை மூடி, முனை மூடியையும் போடுங்கள். தொட்டியில் முக்கால் அளவு தண்ணீரும், பாத்திரம் கழுவும் லிக்விட் அரை டம்ளரும் விடுங்கள். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் நல்லது. கொதிநீர் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினால் அலம்பலில் கசடு இளகும். திரும்பி வந்து, வெளியேற்றும் இடத்தில் ஹோஸை மாட்டி வால்வை ஒரே இழுப்பில் திறந்து, தண்ணீர் பாயும்போதே மூடித் திறவுங்கள், மூடித் திறவுங்கள். பதினைந்து தடவையாவது. ஓடும் தண்ணீர்தான் பள்ளத்தில் இருப்பதைத் தள்ளும். காலித் தொட்டியில் ஆட்டுவது தேய்மானம் மட்டுமே.

இங்கே ஒரு எச்சரிக்கை. கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே தொட்டியில் போடாதீர்கள். முந்தைய நாள் போட்டதன் மிச்சம் இருந்தாலும் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், வேனுக்குள் இருப்பவர்களுக்கு உயிராபத்து.

கைப்பிடியை இழுத்ததும் வெளியே தெரியும் தண்டைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவி, பத்து முறை இயக்குங்கள். வாசலின், தேங்காயெண்ணெய், எஞ்சின் கிரீஸ் வேண்டாம். பல ரப்பர்கள் அவற்றில் ஊதிப்போகும்.

கைப்பிடி தூரத்தில் இருந்து கேபிளால் இழுக்கும் வகை என்றால், கைப்பிடி முழுதும் உள்ளே போனாலும் பிளேடு முழுதும் இறங்கியிருக்காது. கழுவிய பின், சற்றுத் தள்ளி நின்று குழாய் வழியாக டார்ச் அடியுங்கள். ஓரத்தில் பிறை போல இடைவெளி தெரிந்தால் கேபிளைச் சரிசெய்ய வேண்டும், வால்வை அல்ல.

இத்தனைக்கும் பிறகு வால்வை மூடி, தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வையுங்கள். ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தில் சொட்டினால், மறுபடி காலி செய்துவிட்டுக் கழற்றலாம்.

படி 4: சாமான் வாங்கும்போது அளவு

ஏமாறும் இடம் இதுதான். இறக்குமதி வால்வில் 3 இஞ்ச் என்றால் அதில் நுழையும் குழாயின் வெளிவிட்டம் 88.9 மில்லிமீட்டர். நம் ஊர் கடையில் கிடைக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். குழாய் (வீட்டுக் கழிவுநீருக்குப் போடும் பி.வி.சி. குழாய்) பெரும்பாலும் 75 மி.மீ. அல்லது 110 மி.மீ. 'மூணு இஞ்ச்' என்று வாயால் கேட்டு வாங்கினால் பொருந்தாது. படி 5-ல் உள்ளபடி கழற்றிய பின், வெர்னியர் அளவுகோலால் அளந்து, பழைய சீலைக் கழுவி உறையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். மேலும், இறக்குமதி வண்டிகளில் குழாய் கறுப்பு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்காக இருக்கும். சாதாரண பி.வி.சி. சொலூஷன் அதில் நம்பகமாகப் பிடிக்காது.

சீல் மட்டும் மாற்றலாமா, வால்வையே மாற்றலாமா? பிளேடின் இரு முகத்திலும், கீழ் விளிம்பிலும் நகத்தை ஓட்டுங்கள். கீறல் தட்டினாலோ, பிளேடு வளைந்திருந்தாலோ முழு வால்வு. வழவழப்பாக இருந்தால் இரண்டு சீலும் நாலு ஸ்டெயின்லெஸ் போல்ட்டு நட்டும் போதும். ஒரு சீலை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் பட்டறையில் ரப்பர் ஷீட்டை வட்டமாக வெட்டித் தருவார்கள். அது தட்டை வாஷர். வால்வு சீலுக்கு உதடு போல ஒரு விளிம்பு உண்டு, பிளேடை அணைத்துப் பிடிப்பது அதுதான். வெட்டிய வாஷர் வழியில் மாட்டிக்கொண்டால் ஆபத்துக்கு உதவும், அவ்வளவே.

உள்ளூரில் கட்டிய வண்டிகளில் கேட் வால்வுக்குப் பதில் ஒட்டிய பி.வி.சி. பால் வால்வு (உள்ளே பந்து சுழலும் வகை) இருந்தால், சீலைத் தனியே மாற்றும் வேலை பெரும்பாலும் நடக்காது. குழாயை அறுத்துப் புதியதை வையுங்கள், இருபுறமும் யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) போடுங்கள்.

படி 5: கழற்றுதல்

சமதளம், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வேண்டும். இப்போது படி 2-க்கு நேர்மாறாக, வால்வுப் பக்கம் உயரமாக இருக்கட்டும், மிச்சத் தண்ணீர் உள்பக்கம் ஒதுங்கும். அடியில் ஒரு அகன்ற தட்டு வையுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த நீரைக் குழாயின் வெளிப்புறத்தில் தெளித்துப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். வால்வு எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, கைப்பிடி எந்தக் கோணம் என்று போட்டோ எடுத்துவிட்டு நாலு போல்ட்டையும் கழற்றுங்கள். இறக்குமதி வகையில் நட்டு பெரும்பாலும் 7/16 இஞ்ச். 11 எம்.எம். ஸ்பேனர் சிலதில் உட்காராது. துருப்பிடித்திருந்தால் முந்தைய இரவே துரு இளக்கி அடித்து வையுங்கள்.

ஃபிளாஞ்சுகளை மரச்சில்லால் மெல்ல விலக்கி வால்வை உருவுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் சீல் உட்காரும் முகத்தில் வடு விழும், பிறகு எந்தச் சீலும் நிற்காது. அந்த முகங்களைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். உப்புப் படிவுக்கு வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றலாம், ஆனால் பிளீச்சிங் நீர் பட்ட இடத்தை முதலில் நன்றாக அலசிவிட்டு.

படி 6: மாட்டுதல்

சீல்களின் உட்புறம் பட்டாணி அளவு சிலிக்கான் கிரீஸ் தடவி ஃபிளாஞ்சுகளில் உட்கார வையுங்கள். பழையது இருந்த திசையிலேயே இருக்கட்டும். கீழ் இரண்டு போல்ட்டையும் முதலில் தளர்வாக மாட்டினால் தொட்டில் போல ஒரு தாங்கல் கிடைக்கும். பிளேடை மூடிய நிலையில் வைத்து, வால்வை மேலிருந்து அதில் இறக்குங்கள். கீழே தொங்கும் கைப்பிடி என்றால் இதையே தலைகீழாக.

மாற்றிய வால்வு மறுநாளே ஒழுகுவதற்கு முக்கியக் காரணம், இறக்கும்போது சீலின் உதடு மடங்குவது. விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள், தெரியாத பக்கத்துக்கு செல்போன் கேமரா. மேல் போல்ட்டுகளையும் மாட்டி நாலையும் கையால் இறுக்கிய பிறகு, குறுக்கு மறுக்காகக் கால் சுற்று கால் சுற்றாக ஸ்பேனர். ஒவ்வொரு சுற்றுக்கும் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். பிளேடு கனமாக நகரத் தொடங்கினால் நிறுத்துங்கள். பலமாக இறுக்கினால் ஃபிளாஞ்ச் விரியும், அப்போது செலவு பல மடங்கு.

படி 7: சோதனை

வண்டியைச் சமமாக நிறுத்தி, 20 லிட்டர் நல்ல தண்ணீர் விட்டு, இணைப்புகளைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் கட்டுங்கள். அரை மணி நேரம் காய்ந்தே இருந்தால் தொட்டியை நிரப்பி ஓர் இரவு விடுங்கள். பிறகுதான் கழிவு.

உடனே மாற்ற நேரமில்லாமல் வத்தலக்குண்டு தாண்டி மலையேற வேண்டியிருந்தால், குழாய் முனையில் திருகி மாட்டும் இரண்டாவது வால்வு கிடைக்கிறது. அது சமாளிப்பு. வளைவுகளில் தண்ணீர் முழு எடையோடு வந்து மோதும், ஆகவே தொட்டியைக் காலி செய்துவிட்டே ஏறுங்கள்.

காலி செய்யும் ஒவ்வொரு முறையும் கழிப்பறைத் தொட்டியில் அரை வாளித் தண்ணீர் ஊற்றி வையுங்கள், கசடு காயாது. முகாமில் அந்த வால்வைத் திறந்தே போட்டு வைக்காதீர்கள். தண்ணீர் ஓடிவிடும், கெட்டியானது மட்டும் நின்று பள்ளத்தை அடைக்கும். வண்டி ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் தொட்டியைக் கழுவிக் காலி செய்து, தண்டில் சிலிக்கான் கிரீஸ் தடவி, வால்வை மூடி, நிழலில் நிறுத்துங்கள்.