தியோமான் பவளத்திட்டுகளில் தன்னார்வ முக்குளிப்பு: தயாராவது எப்படி?

மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால், தென்சீனக் கடலில் இருக்கும் தியோமான் தீவில் பவளத்திட்டுக் கணக்கெடுப்புக்குச் செல்ல விரும்புவோர், முதலில் ஸ்கூபா (காற்றுக் கலனுடன் நீரில் மூழ்கும்) சான்றிதழ் பெற வேண்டும். அதன்பின் இருபது முறையாவது கடலில் மூழ்கிப் பழகியிருப்பது நல்லது என்பது என் கருத்து. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும் என்பதால், அம்மாதங்களைத் தவிர்த்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

சான்றிதழைவிட முக்கியமானது மிதப்புக் கட்டுப்பாடு, அதாவது நீரில் மேலெழாமலும் கீழிறங்காமலும் உடலை நிலைநிறுத்தும் திறன். கால்துடுப்பின் ஒரே உதை, பல ஆண்டுகளாக வளர்ந்த மான்கொம்புப் பவளக் கிளையை முறித்துவிடும். அது கிளப்பும் மணலோ பவள உயிரிகளின்மேல் படிந்து அவற்றை வருத்தும். மூச்சை இழுத்தால் சற்றே எழவும், விட்டால் மெல்ல இறங்கவும் உடல் பழகும்வரை நீச்சல் குளத்திலேயே பயிற்சி செய்யுங்கள்.

1997 முதல் பல நாடுகளில் பின்பற்றப்படும் 'ரீஃப் செக்' என்ற பவளத்திட்டுக் கணக்கெடுப்பு முறையில், 100 மீட்டர் அளவுநாடாவை ஒரே ஆழத்தில் விரித்து, 5 மீட்டர் இடைவெளிகளுடன் 20 மீட்டர் நீளமுள்ள நான்கு பகுதிகளை ஆராய்வார்கள். ஒருவர் களவாய், கிளிமீன் போன்ற மீன்களை எண்ணுவார். இன்னொருவர் அரை மீட்டருக்கு ஒருமுறை நாடாவின் நேர்கீழே இருப்பது உயிருள்ள பவளமா, பாறையா, மணலா என்று நீர்புகாப் பலகையில் பென்சிலால் குறிப்பார். ஐயம் வந்தால் ஊகித்து எழுதாமல், உடன் வந்த பயிற்றுநருக்குச் சைகை காட்டுங்கள்.

பணம் கட்டுமுன், சேகரிக்கும் தரவு யாரிடம் போய்ச் சேர்கிறது என்று அமைப்பாளரிடம் கேளுங்கள். கடைசி முக்குளிப்புக்கும் திரும்பும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் இருக்கட்டும்.