போருக்குப் பின் முடியாட்சியிலிருந்து நாடாளுமன்ற ஆட்சிக்கு: தமிழில் தேர்வெழுதுவோர் இத்தாலியை வைத்து விடை அமைக்கும் முறை

தில்லி கரோல் பாக்கிலும் ராஜீந்தர் நகரிலும் அறை எடுத்துத் தங்கி, குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதத் தயாராகும் மாணவர்களுக்கு உலக வரலாற்றில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் முடியாட்சி எப்படி நாடாளுமன்ற ஆட்சியாக மாறியது என்று கேட்கும் வினாவுக்கு அதிகம் கைகொடுக்கக்கூடிய எடுத்துக்காட்டு இத்தாலி. "போரில் தோற்ற மன்னர் போனார், மக்களாட்சி வந்தது" என்று தொடங்காதீர்கள். அந்த வரியை எந்த நாட்டுக்கும் எழுதலாம் என்பதால் அதற்கு மதிப்பெண் கிடைக்காது. அமைச்சரவை யாருக்குப் பொறுப்பாக இருந்தது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆண்டுகளை அடுக்குங்கள்.

தொடக்கத்தை 1848-இல் வையுங்கள். அந்த ஆண்டின் அரசியல் சாசனம் அமைச்சர்களை நியமிக்கவும் நீக்கவும் மன்னருக்கே அதிகாரம் தந்தது. நாடாளுமன்றத்தின் நம்பிக்கை வேண்டும் என்பது மரபாக மட்டுமே வளர்ந்தது. அதனால்தான் 1922 அக்டோபரில், ரோமை நோக்கிப் பாசிசப் படை திரண்டபோது, இராணுவச் சட்ட ஆணையில் கையொப்பமிட மறுத்த மன்னர் மூன்றாம் விக்டர் இமானுவேலால், கீழவையில் ஏறத்தாழ 35 உறுப்பினர்களே கொண்ட கட்சியின் தலைவரான முசோலினியை ஆட்சி அமைக்க அழைக்க முடிந்தது. 1925 டிசம்பரில் நிறைவேறிய சாதாரணச் சட்டம் ஒன்று, அரசாங்கத் தலைவர் மன்னருக்கு மட்டுமே பொறுப்பானவர் என்றாக்கியது. பலரும் விட்டுவிடும் செய்தி இது. என் கணிப்பில், விடையின் அச்சாணியே இதுதான்.

போர்க்காலத்தை இரண்டு வாக்கியங்களில் கடந்துவிடலாம். 1943 ஜூலை 25 அன்று மன்னர் முசோலினியை நீக்கினார். செப்டம்பர் 8 அன்று போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டதும், தலைநகரைக் கைவிட்டுத் தெற்கே பிரிந்திசிக்குச் சென்றார். அரச குடும்பத்தின் மதிப்பு அதற்குப் பிறகு மீளவில்லை.

1946 ஜூன் 2-க்குத்தான் இடத்தைத் தாராளமாக ஒதுக்க வேண்டும். அன்று வாக்காளர்கள் இரண்டு தனித்தனித் தீர்ப்புகளை வழங்கினார்கள் என்பதைத் தெளிவாகப் பிரித்து எழுதுங்கள். பொதுவாக்கெடுப்பு அரசின் வடிவத்தை மட்டும் முடிவுசெய்தது: குடியரசுக்கு ஏறத்தாழ 1.27 கோடி வாக்குகளும் முடியாட்சிக்கு ஏறத்தாழ 1.07 கோடி வாக்குகளும் விழுந்தன. நாடாளுமன்ற ஆட்சிமுறையை வகுத்ததோ அதே நாளில் தேர்ந்தெடுக்கப்பட்ட, 556 உறுப்பினர்கள் கொண்ட அரசியல் நிர்ணய சபை. நாடு தழுவிய வாக்களிப்பில் பெண்கள் முதன்முதலாகப் பங்கேற்றதும் அன்றுதான். சபைக்குள் 21 பெண்கள் நுழைந்தார்கள். வடக்கு குடியரசின் பக்கமும் நேபிள்ஸ் உள்ளிட்ட தெற்கு முடியாட்சியின் பக்கமும் நின்றதைக் குறிப்பிட்டு, ஜெர்மானிய ஆக்கிரமிப்பையும் எதிர்ப்புப் போரையும் நீண்ட காலம் கண்டது வடக்கே என்ற காரணத்தையும் சேர்த்தால், பிளவு ஏன் வந்தது என்பது விளங்கும். தந்தை விக்டர் இமானுவேலுக்குப் பின் ஒரு மாதத்துக்குச் சற்றே கூடுதலாக மட்டும் அரியணையில் இருந்த இரண்டாம் உம்பெர்த்தோ அதே ஜூனில் நாட்டைவிட்டு வெளியேறியதை ஓர் அரை வாக்கியத்தில் சொன்னால் போதும்.

அடுத்து, 1948 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புக்கு வாருங்கள். அதன் 94-ஆவது பிரிவு, அரசாங்கம் இரு அவைகளின் நம்பிக்கையையும் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. 1848 சாசனத்தின் கீழ் வெறும் மரபாக இருந்தது இங்கே எழுத்தில் ஏறியது. நம் அரசியலமைப்பின் 75(3)-ஆவது பிரிவு அமைச்சரவையை மக்களவைக்கு மட்டுமே கூட்டாகப் பொறுப்பாக்குவதை ஒரே வரியில் ஒப்பிடுங்கள். ஆட்சியியல் தாளுக்குப் படித்தது இங்கும் பயன்படும். சாதாரணச் சட்டத்தால் ஆட்சிமுறையையே மாற்றிய அனுபவம் இருந்ததால், திருத்தத்துக்குக் கடினமான வழிமுறையை 138-ஆவது பிரிவில் வைத்தார்கள். குடியரசு வடிவத்தைத் திருத்தவே முடியாது என்று 139-ஆவது பிரிவில் பூட்டினார்கள். அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் மாற்ற முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் 1973-இல் தீர்ப்பால் சொன்னதோடு இதை வைத்துப் பார்க்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றே என்று எழுதிவிடக் கூடாது.

250 சொற்களில் ஏறக்குறைய பாதியை 1946-க்கும் 1948-க்கும் கொடுங்கள். இடம் மிஞ்சினால் ஜப்பானை ஒரு வாக்கியத்தில் எதிர்நிறுத்துங்கள்: 1947 மே 3-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு பேரரசரை நாட்டின் அடையாளமாக மட்டும் வைத்துக்கொண்டு, அமைச்சரவையை நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பாக்கியது.