ஸ்கூல் வராண்டா சுவத்துல சுடுமண் சிற்பம்: நாங்க பண்ண தப்பை நீங்களும் பண்ணாதீங்க

பசங்க கையால செஞ்ச சுடுமண் புடைப்புச் சிற்பம் ஒண்ணு ஸ்கூல்ல நிரந்தரமா இருக்கணும்னு ஆசைப்படறவங்க எல்லாரும் மொதல்ல டிசைன்லதான் உக்காருவாங்க, மீனா மரமான்னு பேசியே ரெண்டு மாசம் போயிடும், சுவரை யாரும் போய் தட்டிக்கூட பாக்க மாட்டாங்க. நாங்களும் அப்படித்தான். நாங்க பிடிச்ச சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம்! ஐப்பசி மழை முடியறதுக்குள்ள சிற்பம் மேல வெள்ளையா உப்பு பூத்துடுச்சு, துடைக்கத் துடைக்க திரும்ப வந்துச்சு, சுவத்துல ஓதம் இருக்கறவரை தண்ணி உப்பைக் கரைச்சு வெளிய கொண்டுவந்துட்டேதான் இருக்கும். வார்னிஷ் அடிச்சா நிக்கும்னு ஒருத்தர் சொன்னாரு, அடிச்சோம், உள்ள இருந்த ஈரம் வெளிய வர வழியில்லாம வார்னிஷ் தோல் மாதிரி உரிஞ்சதுதான் மிச்சம்.

பெயின்ட் அடிச்ச சுவர் மேல அப்படியே ஒட்டறது அடுத்த தப்பு. பெயின்ட் சுவரை எவ்ளோ பிடிச்சிருக்கோ அவ்ளோதான் பசையும் பிடிக்கும். 2 செ.மீ. கனத்துல சுடுமண் ஒரு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 35–40 கிலோ வரும், 10 அடிக்கு 4 அடி சிற்பம்னா 130 கிலோவைத் தாண்டிடும், அது பசங்க தலைக்கு மேல தொங்குது. பெயின்ட்டை சுரண்டி பூச்சைக் கொத்தி விட்டு டைல் அடெசிவ்ல ஒட்டுங்க, பெரிய பீஸுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவும் வேணும். அந்த ஓட்டையை மண் ஈரமா இருக்கறப்பவே போட்டுடணும், சுட்டப்புறம் டிரில் பண்ணா பாதி விரிசல் விடும்.

இப்ப கணக்கு. மண்ணு காயறப்பவும் சூளைலயும் சேர்த்து 8–12 சதவீதம் சுருங்கும், இது தெரிஞ்சும் நாங்க கோட்டை விட்டோம். 10 அடி வேணும், 10 சதவீதம் சுருங்கும், அப்போ 11 அடிக்கு செஞ்சா போதும்னு நெனச்சோம். 11ல 10 சதவீதம் போனா 9.9 அடிதான, ஓரத்துல ஒரு இன்ச்சுக்கு மேல காணோம். 10-ஐ 0.9-ஆல வகுக்கணும், 11 அடி 1 இன்ச்சுக்கு மேல வரும். அதுக்கும் முன்னாடி நீங்க வாங்கற மண்ணுலயே 10 செ.மீ. கோடு போட்ட பட்டை ஒண்ணு சுட்டு அளந்து பாருங்க, ஊருக்கு ஊர் மண்ணு மாறும்.

பீஸ் நம்பரை பேனால எழுதாதீங்க, சூளைல எரிஞ்சு போயிடும் (சிரிக்காதீங்க, அறுபது பீஸை தரையில பரப்பி ஒரு நாள் பூரா ஜிக்சா ஆடினோம்). ஆணியால பின்பக்கம் கீறுங்க.

பெருசா ஒரே பலகையா செய்ய ஆசை வரும், வேண்டாம், காயறப்ப ஓரம் வளையும். 1963ல ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் லக்னோல இருக்கற ரவீந்திராலயா அரங்கத்துக்குப் பண்ண சுவர்ச்சிற்பத்தைப் பாருங்க, சின்னச் சின்ன சுடுமண் ஓடு சேர்ந்துதான் அவ்ளோ பெருசா நிக்குது. பீஸ் பீஸா வெட்டற கோடு மட்டும் மூஞ்சி நடுவுல போகக்கூடாது. பசங்க யானைத் தலையை கட்டியா உருட்டி வெப்பாங்க, பின்னாடி குடைஞ்சு மண்ணை எடுத்துடுங்க, உள்ள ஈரம் மாட்டிக்கிட்டா சூளைல ஆவியாகி வெடிச்சு பக்கத்து பீஸையும் உடைக்கும். நிழல்ல, மேல ஈரத்துணி போட்டு மெதுவா காயட்டும்.

கைக்கு எட்டற உயரத்துல நீட்டிக்கிட்டு இருக்கற மூக்கு, அலகு, விரல் எல்லாம் ஒரே டெர்ம்ல போயிடும், உடம்போட ஒட்டியே செய்ங்க. பார்வை இல்லாத பசங்களையும் நெனைங்க, அமெரிக்காவோட ஏடிஏ (மாற்றுத்திறனாளிகள் சட்டம்) விதில நடைபாதை சுவத்துல 27 இன்ச்ல இருந்து 80 இன்ச் உயரத்துக்குள்ள இருக்கற எதுவும் 4 இன்ச்சுக்கு மேல நீட்டக்கூடாது, ஏன்னா அது கைத்தடிக்குத் தட்டுப்படாது, நேரா உடம்புலதான் இடிக்கும்.

அப்புறம் அதே மண்ணுல அதே சூளைல பத்து பீஸ் கூடுதலா சுட்டு வெச்சுக்கோங்க, பின்னாடி செஞ்சா கலர் சேராது. எங்க கூடுதல் பீஸ் இருக்கற பெட்டி, லேப் அட்டெண்டர் அக்காகிட்ட இருக்கு, இதுவரைக்கும் மூணு மீன் வால் எடுத்தாச்சு.